‘அக்கவுண்ட் ஃபார்’: முன்னும் பின்னும் பார்த்துப் பொருள் கொள்ளும் முறை

ஃப்ரேசல் வெர்ப், அதாவது வினையோடு ‘அப்’, ‘அவுட்’, ‘ஃபார்’ போன்ற சிறு சொல் சேர்ந்து ஒரே பொருள் தரும் தொடர் என்றாலே அது பேச்சுக்கு உரியது, முறையான எழுத்தில் தவிர்க்க வேண்டியது என்று ஆங்கிலம் கற்பவர்கள் பலர் எண்ணுகிறார்கள். ‘கிவ் அப்’, ‘ஃபிகர் அவுட்’ போன்றவற்றுக்கு அந்த எண்ணம் ஓரளவு பொருந்தும். ஆனால் ‘அபைட் பை’, ‘ரிஃப்ரெயின் ஃப்ரம்’, ‘டிஸ்பென்ஸ் வித்’, ‘அக்கவுண்ட் ஃபார்’ ஆகியவை வேறு இனத்தைச் சேர்ந்தவை. ஆய்வுக் கட்டுரை, அலுவலக அறிக்கை, நாளேட்டுத் தலையங்கம் ஆகிய இடங்களில்தான் அவை இயல்பாகப் பொருந்துகின்றன. நண்பர்களிடையே பேசும்போது சொன்னால் சற்று விறைப்பாகவே ஒலிக்கும். இவற்றுள் படிப்பவரை மிகுதியாக அலைக்கழிப்பது ‘அக்கவுண்ட் ஃபார்’ தான். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் ஒரு பொருளோ இரண்டோ இருக்க, இதற்கு ஐந்து இருக்கின்றன. அகராதியில் முதலில் கண்ட ‘விளக்கு’ என்ற பொருளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டவர், ‘நைட்ரஜன் அக்கவுண்ட்ஸ் ஃபார் 78 பெர்சென்ட் ஆஃப் தி அட்மாஸ்ஃபியர்’ என்ற வாக்கியத்தைப் படிக்கும்போது, நைட்ரஜன் எதை விளக்குகிறது என்று தெரியாமல் திகைத்துவிடுவார்.

ஐந்து பொருள்களையும் வரிசையாக நெட்டுருப் போடுவது இதற்குத் தீர்வாகாது. படிக்கும் நேரத்தில் ஐந்தில் எது என்ற கேள்வி மீண்டும் எழத்தான் செய்யும். இந்த வினையின் பொருளை முடிவு செய்பவை அதற்கு முன்னால் நிற்கும் எழுவாயும் பின்னால் வரும் செயப்படுபொருளும். எழுவாய் மனிதரா, பொருளா, கொள்கையா, திட்டமா என்று பார்த்து, அடுத்து ‘ஃபார்’ என்பதற்குப் பின்னால் வருவது நிகழ்ச்சியா, அளவா, ஆட்களா, இடையூறா என்று பார்த்தால், பொருள் தானாகவே வெளிப்பட்டுவிடும்.

ஐந்து பொருள்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே கருத்து. ‘அக்கவுண்ட்’ என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலம், எண்ணுதல், கணக்கிடுதல் என்று பொருள்படும் ‘கம்ப்யூட்டாரே’ என்ற லத்தீன் வினை. ‘கவுண்ட்’ என்பதும் ‘கம்ப்யூட்டர்’ என்பதும் அதே வேரிலிருந்து கிளைத்தவைதான். பிறர் பணத்தைப் பொறுப்பேற்றவர், ஒவ்வொரு காசும் எங்கே போயிற்று என்று ஒன்று விடாமல் ஒப்புவிப்பதே இந்த வினையின் அடிப்படைக் காட்சி. காசின் இடத்தில் ஆட்களை வைத்தால், எவர் எங்கே இருக்கிறார் என்று கண்டறிதல் என்ற பொருள் கிடைக்கிறது. ஒரு மொத்தத்தின் பகுதிகளை வைத்தால் பங்கு என்ற பொருளும், புரியாத நிகழ்ச்சியை வைத்தால் காரணம் என்ற பொருளும், திட்டத்தைக் குலைக்கக்கூடியவற்றை வைத்தால் முன்கூட்டியே கருத்தில் கொள்ளுதல் என்ற பொருளும் பிறக்கின்றன. சொல் வரலாற்றில் இவை தோன்றிய வரிசையாக இதைக் கொள்ள வேண்டியதில்லை. நினைவில் நிறுத்த உதவும் வழியாகக் கொண்டால் போதும். எந்தப் பொருளிலும் ‘மிச்சம் விடாமல் கணக்கை நேர் செய்தல்’ என்ற கருத்து மறைந்திருப்பதைக் காணலாம்.

காரணம் என்ற பொருள்

இந்தப் பொருளை அறிய வானியலில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1781ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த யுரேனஸ், கணித்த பாதையில் செல்லாமல் சிறிது விலகியே சென்றுகொண்டிருந்தது. காணாத ஒரு கோளின் ஈர்ப்பே அதற்குக் காரணம் என்று கருதிய பிரெஞ்சுக் கணித அறிஞர் லெ வெரியே, அந்தக் கோள் எங்கே இருக்க வேண்டும் என்றும் கணக்கிட்டார். 1846 செப்டம்பரில் பெர்லின் வானாய்வகத்தில் யோஹான் காலே அவர் சொன்ன இடத்துக்கு மிக அருகிலேயே நெப்டியூனைக் கண்டார். இந்த வரலாற்றை ஆங்கிலத்தில் ஒரே வரியில் சொல்லலாம்: ‘நெப்டியூன் அக்கவுண்டட் ஃபார் தி இர்ரெகுலாரிட்டீஸ் இன் தி ஆர்பிட் ஆஃப் யுரேனஸ்.’ இங்கே எழுவாய் ஒரு பொருள். ‘ஃபார்’ என்பதற்குப் பின்னால் இருப்பது காரணம் தெரியாமல் இருந்த ஒரு நிகழ்ச்சி. ஆகவே ‘யுரேனஸின் பாதையில் காணப்பட்ட பிறழ்வுகளுக்குக் காரணம் நெப்டியூனே’ என்று பொருள் கொள்ள வேண்டும். ‘நெப்டியூன் பிறழ்வுகளை விளக்கியது’ என்று எழுதினால் கோள் வாய் திறந்து பேசியது போல் ஆகிவிடும்.

புதன் கோளிலும் இப்படியொரு சிக்கல் இருந்தது. அதன் நீள்வட்டப் பாதையே மெல்லச் சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ 43 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) மட்டும் நியூட்டனின் கணக்குக்குள் அடங்காமல் எஞ்சி நின்றது. அங்கும் ஒரு மறைவான கோள் இருக்கும் என்று லெ வெரியே நம்பினார். அப்படி எதுவும் இல்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடுதான் அந்த 43 விகலைக்கும் விடை தந்தது. இதை ‘நியூட்டன்ஸ் தியரி குட் நாட் ஃபுல்லி அக்கவுண்ட் ஃபார் தி ஆர்பிட் ஆஃப் மெர்குரி, ஜெனரல் ரிலேட்டிவிட்டி டிட்’ என்று எழுதுவார்கள். இங்கே எழுவாய் ஒரு கோட்பாடு என்பதால் தமிழில் ‘விளக்குதல்’ என்ற சொல் நன்றாகவே பொருந்துகிறது. ‘ஃபுல்லி’ என்ற அடைமொழியையும் கவனிக்க வேண்டும். ‘ஃபுல்லி’, ‘பார்ட்லி’, ‘லார்ஜ்லி’ ஆகியவை இந்த வினையோடு மிகவும் ஒட்டி வருவதற்குக் காரணம், முன்னே சொன்ன ‘மிச்சம்’ என்ற கருத்துதான். விளக்கம் எவ்வளவு தூரம் போகிறது, எவ்வளவு எஞ்சுகிறது என்பதை அந்த அடைமொழி சொல்லிவிடுகிறது. இவை பெரும்பாலும் வினைக்கு முன்னால் வரும்: ‘திஸ் பார்ட்லி அக்கவுண்ட்ஸ் ஃபார் தி டிலே.’

எழுவாய் மனிதராக இருந்தால் வாக்கியத்தின் தொனி மாறும். ‘அஸ்ட்ரானமர்ஸ் குட் நாட் அக்கவுண்ட் ஃபார் தி டிஸ்க்ரெபன்சி’ என்றால் வானியலாளர்களால் அந்த முரண்பாட்டுக்குக் காரணம் சொல்ல முடியவில்லை என்று பொருள். இதில் குற்றம் சாட்டும் குறிப்பு எதுவும் இல்லை. ஆனால் ‘ஹி குட் நாட் அக்கவுண்ட் ஃபார் ஹிஸ் ஆப்சென்ஸ்’ என்று ஒருவருடைய சொந்தச் செயலைப் பற்றி எழுதும்போது, காரணம் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இருந்தது, அவர் சொல்லவில்லை என்ற ஐயம் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. பணத்தைப் பற்றிப் பேசும்போது இது இன்னும் கடுமையாகும். ‘அக்கவுண்ட் ஃபார் தி மிஸ்ஸிங் மணி’ என்பது நம் வழக்கில் ‘காணாமற்போன பணத்துக்குக் கணக்குச் சொல்’ என்பதற்கு நிகரானது. ஆகவே உடன் பணிபுரிபவருக்கு எழுதும் மின்னஞ்சலில் ‘ப்ளீஸ் அக்கவுண்ட் ஃபார் தி டிலே’ என்று எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மரியாதையாக எழுதியதாக எழுதியவர் நினைத்துக்கொண்டிருப்பார். படித்தவர், தம்மைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பதாக நினைப்பார். அந்த இடத்தில் ‘எக்ஸ்ப்ளெயின்’ போதும்.

‘எக்ஸ்ப்ளெயின்’ என்பதற்கு மாற்றாக இதை எங்கும் போட்டுவிடவும் முடியாது. பாடத்தையோ விதியையோ செய்முறையையோ ‘எக்ஸ்ப்ளெயின்’ செய்யலாம், ‘அக்கவுண்ட் ஃபார்’ செய்ய இயலாது. பின்னதற்கு, ஏன் நடந்தது என்று கேட்கத் தக்க ஒரு நிகழ்ச்சியோ நிலையோ வேண்டும். ‘தி டீச்சர் அக்கவுண்டட் ஃபார் தி லெசன்’ என்பது பிழையான வாக்கியம். அதுபோலவே ‘எக்ஸ்ப்ளெயின்’ என்பதற்குப் பின்னால் ‘தட்’ என்று தொடங்கும் துணைவாக்கியம் நேராக வரலாம். ‘அக்கவுண்ட் ஃபார்’ என்பதற்குப் பின்னால் அப்படி வராது. இடையில் ‘தி ஃபேக்ட்’ வேண்டும்: ‘தி தியரி அக்கவுண்ட்ஸ் ஃபார் தி ஃபேக்ட் தட் தி ஸ்கை இஸ் ப்ளூ.’ யாரிடம் காரணம் சொல்கிறோம் என்பதைக் குறிக்க ‘டு’ சேரும். அப்போது ‘அக்கவுண்ட் டு தி போர்ட் ஃபார் எவ்ரி டிசிஷன்’ என்பது போல, யாரிடம் என்பது முன்னும் எதற்காக என்பது பின்னும் வரும். குழுவுக்கு ஒவ்வொரு முடிவுக்கும் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்பது இதன் பொருள். வெறுமனே தகவல் தெரிவித்தல் என்று கொண்டால் பாதிப் பொருள் போய்விடும்.

பங்கு என்ற பொருள்

‘ஃபார்’ என்பதற்குப் பின்னால் சதவீதமோ பின்னமோ ‘மோஸ்ட்’, ‘தி பல்க்’ போன்ற அளவுச் சொல்லோ வந்தால், காரணம் என்ற பொருளை உடனே கைவிட்டுவிடலாம். ‘தி சன் அக்கவுண்ட்ஸ் ஃபார் மோர் தன் 99 பெர்சென்ட் ஆஃப் தி மாஸ் ஆஃப் தி சோலார் சிஸ்டம்’ என்பதற்கு, சூரியக் குடும்பத்தின் மொத்த நிறையில் 99 சதவீதத்துக்கும் மேல் சூரியனுடையதே என்று பொருள். ‘தி ஓஷன்ஸ் அக்கவுண்ட் ஃபார் அபவுட் 97 பெர்சென்ட் ஆஃப் தி வாட்டர் ஆன் எர்த்’ என்பதும் அதே அமைப்புதான். பகுதி எழுவாயாக முன்னால் நிற்கும். எவ்வளவு என்ற அளவு ‘ஃபார்’ என்பதற்குப் பின்னால் வரும். எதில் என்ற முழுமை ‘ஆஃப்’ என்பதற்குப் பின்னால் வரும்.

ஆங்கிலத் திறனை அளக்கும் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வின் எழுத்துப் பிரிவில் முதல் பணி, ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ குறைந்தது 150 சொற்களில் விவரிப்பது. அதற்குத் தயார் செய்பவர்கள் எல்லோரும் இந்தப் பொருளைத்தான் முதலில் கற்கிறார்கள். கற்ற வேகத்திலேயே சில பிழைகளையும் பழகிக்கொள்கிறார்கள். முதல் பிழை, வரிசையைத் தலைகீழாக்குவது. ‘78 பெர்சென்ட் ஆஃப் தி ஏர் அக்கவுண்ட்ஸ் ஃபார் நைட்ரஜன்’ என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் ‘காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்’ என்று முழுமையை முன்னால் வைத்துச் சொல்லிப் பழகிய கை, அந்த வரிசையிலேயே ஆங்கிலத்தையும் எழுதிவிடுவதால் நேரும் பிழை இது. முழுமையையோ அளவையோ முன்னால் வைத்தே ஆக வேண்டும் என்றால் செயப்பாட்டுவினையைப் பயன்படுத்தலாம்: ‘78 பெர்சென்ட் ஆஃப் தி ஏர் இஸ் அக்கவுண்டட் ஃபார் பை நைட்ரஜன்.’ ‘ஃபார் பை’ என்று இரண்டு முன்னிடைச்சொற்கள் அடுத்தடுத்து நிற்பது கண்ணை உறுத்தினாலும் அது பிழையன்று. ‘ஃபார்’ வினையோடு சேர்ந்தது, ‘பை’ செய்தவரைக் குறிப்பது, இரண்டும் வேண்டும்.

இரண்டாவது பிழை இதைவிடப் பரவலானது, இதைவிட மோசமானதும்கூட. ‘அக்கவுண்டட் ஃபார்’ என்பதற்கு ‘இருந்தது’ என்று பொருள் கொண்டு எந்த எண்ணுக்கு முன்னாலும் அதை வைத்துவிடுகிறார்கள். ‘தி டெம்பரேச்சர் அக்கவுண்டட் ஃபார் 30 டிகிரீஸ்’, ‘தி பாப்புலேஷன் அக்கவுண்டட் ஃபார் 5 மில்லியன்’ என்பவை பொருளற்றவை. வெப்பநிலை எதன் பகுதி, மக்கள்தொகை எதன் பங்கு என்ற கேள்விகளுக்கு விடை இல்லை. ஒரு முழுமை இல்லாத இடத்தில் பங்கு என்ற பேச்சே எழாது. அங்கே ‘வாஸ்’ அல்லது ‘ஸ்டுட் அட்’ எழுத வேண்டும். எழுதி முடித்ததும் ‘எதில்?’ என்று கேட்டுப் பார்ப்பதே இதற்கான சோதனை. விடை வாக்கியத்திலோ அதற்கு முந்திய வரியிலோ இல்லையென்றால் வினையை மாற்றிவிட வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘அக்கவுண்ட்ஸ் ஃபார் எ ஷேர் ஆஃப் 20 பெர்சென்ட்’ என்பதில் ‘ஷேர்’ மிகை. இந்தப் பொருளில் ‘இஸ் அக்கவுண்டிங் ஃபார்’ என்று நிகழ்கால நடப்பு வடிவம் வழக்கமாக வராது, ஏனெனில் பங்கு என்பது ஒரு நிலையே தவிர நடந்துகொண்டிருக்கும் செயல் அன்று. ஆனால் காற்புள்ளிக்குப் பின் எச்சமாக வரும் ‘அக்கவுண்டிங் ஃபார்’ முற்றிலும் சரியானது, எழுத்துக்கு நல்ல ஓட்டத்தையும் தருகிறது: ‘நைட்ரஜன் இஸ் தி மோஸ்ட் அபண்டண்ட் கேஸ், அக்கவுண்டிங் ஃபார் 78 பெர்சென்ட் ஆஃப் தி ஏர்.’ ஒரே பத்தியில் மூன்று முறை இதையே எழுதுவதைவிட, ‘மேக் அப்’, ‘கான்ஸ்டிட்யூட்’, ‘ரெப்ரசென்ட்’ ஆகியவற்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது.

தமிழாக்கும்போதும் இந்த இடத்தில் கவனம் வேண்டும். ‘நைட்ரஜன் 78 சதவீதத்தைக் கொண்டுள்ளது’ என்று எழுதினால், நைட்ரஜனுக்குள் ஏதோ 78 சதவீதம் அடங்கியிருப்பதாகப் பொருள் திரிந்துவிடும். கொண்டிருப்பது காற்று, நைட்ரஜன் அன்று. ‘காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்’ என்ற நான்கு சொல் வாக்கியத்தில் வினையே இல்லை என்பதற்காக யாரும் வருந்த வேண்டாம். தமிழுக்கு அங்கே வினை தேவைப்படவில்லை.

கருத்தில் கொள்ளுதல் என்ற பொருள்

மதிப்பீடு, திட்டம், மாதிரி, கருவி, அல்லது அவற்றை உருவாக்கும் மனிதர்கள் எழுவாயாக வந்து, ‘ஃபார்’ என்பதற்குப் பின்னால் கணக்கைப் பிறழச் செய்யக்கூடிய ஒன்று வந்தால், அதை முன்கூட்டியே கருத்தில் கொண்டு அதற்கேற்பத் திருத்தம் செய்தல் என்று பொருள். ‘தி எஸ்டிமேட் டஸ் நாட் அக்கவுண்ட் ஃபார் இன்ஃப்ளேஷன்’ என்றால், விலைவாசி உயர்வைக் கணக்கில் எடுக்காத மதிப்பீடு. ‘அலவ் ஃபார்’, ‘டேக் இன்டு அக்கவுண்ட்’ ஆகியவற்றுக்கு இது மிக அருகில் நிற்கிறது; தமிழில் ‘கணக்கில் எடுத்துக்கொள்’ என்பதே நேரான சொல்.

காரணம் என்ற பொருளும் இந்தப் பொருளும் எப்படி முகம் பார்த்துக்கொண்டு நிற்கின்றன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் உள்ள அணுக் கடிகாரங்கள், தரையில் உள்ள கடிகாரங்களோடு ஒப்பிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோவினாடி முந்திச் செல்லும். வேகத்தால் 7 மைக்ரோவினாடி பிந்தும், ஈர்ப்பு குறைவாக இருப்பதால் 45 மைக்ரோவினாடி முந்தும். இரண்டையும் கழித்தால் 38. இரண்டு விளைவுகளும் சார்பியல் கோட்பாட்டிலிருந்து வருபவை. இப்போது இரண்டு வாக்கியங்கள்: ‘ரிலேட்டிவிட்டி அக்கவுண்ட்ஸ் ஃபார் தி டிஃபரன்ஸ்.’ ‘தி சிஸ்டம் அக்கவுண்ட்ஸ் ஃபார் தி டிஃபரன்ஸ்.’ வினை ஒன்று, செயப்படுபொருளும் ஒன்று. எழுவாய் மட்டுமே வேறு. முதல் வாக்கியத்தில், அந்த வேறுபாட்டுக்குக் காரணம் சார்பியல். இரண்டாவதில், அந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு ஜிபிஎஸ் அமைப்பு அதைச் சரிசெய்துகொள்கிறது. ஒன்று வேறுபாடு பிறந்த விதத்தைச் சொல்கிறது, மற்றொன்று அதைச் சமாளிக்கும் விதத்தைச் சொல்கிறது. வினையை மட்டும் பார்த்துப் பொருள் கொள்பவர் இந்த இரண்டையும் ஒன்றாகவே படித்துவிடுவார்.

புள்ளியியல் சார்ந்த ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு அன்றாடத் தேவை. ‘வி அக்கவுண்டட் ஃபார் ஏஜ்’ என்று ஆய்வாளர்கள் எழுதினால், வயது வேறுபாடு முடிவுகளைக் குழப்பிவிடாதபடி அதைக் கணக்கில் எடுத்துத் திருத்திக்கொண்டார்கள் என்று பொருள். அதே கட்டுரையில் சில வரிகள் தள்ளி, ‘ஏஜ் அக்கவுண்டட் ஃபார் ஒன் தேர்ட் ஆஃப் தி வேரியன்ஸ்’ என்று வரக்கூடும். இங்கே வயதே எழுவாய். மதிப்புகளிடையே காணப்படும் மொத்த வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கு வயதோடு பிணைந்தது என்கிறது வாக்கியம். இந்த இரண்டாவது வாக்கியத்தில் பங்கு என்ற பொருளும் விளக்கம் என்ற பொருளும் கலந்து நிற்கின்றன. இதை ‘வயதே காரணம்’ என்று அவசரப்பட்டுத் தமிழாக்கிவிடக் கூடாது. புள்ளியியலில் இத்தொடர் கூறுவது கணிதப் பிணைப்பை மட்டுமே. அதைக் காரண உறவாக வாசிக்க வேறு சான்றுகள் வேண்டும். செய்தித் தலைப்புகளில் இந்த எல்லை அடிக்கடி மீறப்படுகிறது.

இந்தப் பொருளில் நடப்பு வடிவத்துக்குத் தடையில்லை, ஏனெனில் இது ஒருவர் செய்யும் செயல். ‘ஆர் யூ அக்கவுண்டிங் ஃபார் தி டைம் டிஃபரன்ஸ்?’ என்று தயங்காமல் கேட்கலாம்.

நிலை அறிதல் என்ற பொருள்

விபத்து, தீ, வெள்ளம் ஆகியவை பற்றிய செய்திகளில் ‘ஆல் பாசெஞ்சர்ஸ் ஹேவ் பீன் அக்கவுண்டட் ஃபார்’ என்ற வாக்கியம் வரும். ஆட்களைப் பற்றிய இந்தப் பொருள் பெரும்பாலும் செயப்பாட்டுவினையிலேயே வருகிறது; ‘ஃபார்’ என்பதற்குப் பின்னால் எதுவும் இல்லாமல் வாக்கியம் அங்கேயே முடிந்துவிடும். முடிவில் அநாதையாகத் தொங்குகிறதே என்று ‘ஃபார்’ என்பதை வெட்டிவிட்டால் வாக்கியம் குலைந்துவிடும். ‘ஹேவ் பீன் அக்கவுண்டட்’ என்று நிறுத்த முடியாது.

இலக்கணத்தைவிடப் பொருளில்தான் இங்கே ஆபத்து அதிகம். பயணிகள் அனைவரும் ‘அக்கவுண்டட் ஃபார்’ என்றால் அனைவரும் பிழைத்தார்கள் என்று அர்த்தமில்லை. ஒவ்வொருவரும் எங்கே, என்ன நிலையில் இருக்கிறார் என்பது தெரிந்துவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள். காயமடைந்தவரும் இறந்தவரும்கூட அந்தக் கணக்கில் அடங்குவர். எதிர்மறை வடிவமான ‘அன்அக்கவுண்டட் ஃபார்’ என்பதும் அப்படியே: ‘த்ரீ பீப்பிள் ரிமெயின் அன்அக்கவுண்டட் ஃபார்’ என்றால் மூவரின் நிலை இன்னும் தெரியவில்லை. அவர்கள் சிக்கிக்கொண்டிருக்கலாம், வேறு வழியாக முன்பே வெளியேறி வீடு சென்றும் இருக்கலாம். இதை ‘மூவர் பலி’ என்றோ, முந்தியதை ‘அனைவரும் பத்திரமாக மீட்பு’ என்றோ மொழிபெயர்த்தால், மூலம் சொல்லாத ஒன்றை, அதிலும் ஒரு குடும்பத்தைப் பதற வைக்கும் ஒன்றை நாம் சேர்த்தவர்களாகிறோம். ‘அனைவரின் நிலையும் தெரியவந்துள்ளது’, ‘மூவரைப் பற்றி இன்னும் தகவல் இல்லை’ என்பவை உயிர்ப்பற்றவையாகத் தோன்றினாலும் நேர்மையானவை.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக வரும்போது இந்த எதிர்மறை வடிவம் ‘அன்அக்கவுண்டட்-ஃபார் ஃபண்ட்ஸ்’ என இணைப்புக் கோட்டுடன் எழுதப்படும். கணக்கில் வராத பணம் என்று பொருள்.

ஐந்தாவது பொருளில் நிற்க வேண்டியது அதிகம் இல்லை. போர்ச் செய்திகளிலும் விளையாட்டு வருணனையிலும் வீழ்த்துதல் என்ற பொருளில் இது வரும்: ‘தி பௌலர் அக்கவுண்டட் ஃபார் ஃபைவ் பேட்ஸ்மென்’ என்றால் அந்தப் பந்துவீச்சாளர் ஐவரை ஆட்டமிழக்கச் செய்தார். பார்த்தால் அடையாளம் கண்டுகொண்டால் போதும், எழுதிப் பழக வேண்டியதில்லை. ‘தேர் இஸ் நோ அக்கவுண்டிங் ஃபார் டேஸ்ட்’ என்ற வழக்கும் அப்படித்தான். ஒருவருடைய ரசனைக்குக் காரணம் கேட்க முடியாது என்று பொருள்படும் அதை, பிறர் தேர்வைப் பார்த்து முகம் சுளிக்கும்போதுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள் என்பதால், பாராட்டாக நினைத்துச் சொல்லிவிடக் கூடாது.

அமைப்பும் ஒலிப்பும்

இலக்கண நூல்கள் சிலவற்றில் இது ஃப்ரேசல் வெர்ப் என்ற வகையில் சேராமல், ப்ரெபொசிஷனல் வெர்ப், அதாவது முன்னிடைச்சொல் வினை என்ற வகையில் வைக்கப்படுகிறது. பெயர் எதுவானாலும் நடைமுறை விளைவு ஒன்றுதான்: இரண்டு சொற்களையும் பிரித்து நடுவில் செயப்படுபொருளை வைக்க முடியாது. ‘புட் இட் ஆஃப்’ என்பது போல ‘அக்கவுண்ட் இட் ஃபார்’ என்று எழுத இயலாது. ‘அக்கவுண்ட் ஃபார் இட்’ மட்டுமே உண்டு. உறவுத்தொடரில் ‘தி எரர் விச் வி குட் நாட் அக்கவுண்ட் ஃபார்’ என்று ‘ஃபார்’ என்பதைக் கடைசியில் விடலாம். மிகவும் முறைசார்ந்த எழுத்தில் ‘தி எரர் ஃபார் விச் வி குட் நாட் அக்கவுண்ட்’ என்று முன்னால் கொண்டுவரலாம். இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் வைப்பதுதான் பிழை.

உச்சரிப்பில் அழுத்தம் ‘கவுண்ட்’ என்ற அசையின்மேல் விழும். நடுவில் வரும் ‘ஃபார்’ தேய்ந்து ‘ஃப’ என்பது போல் ஒலிக்கும். வாக்கியம் அதிலேயே முடியும்போது மட்டும் முழுமையாக ஒலிக்கும்.

ஒரே குடும்பத்துச் சொற்கள் சில இதனோடு குழம்பக்கூடும். ‘ஆன் அக்கவுண்ட் ஆஃப்’ என்பதற்கு ‘காரணத்தால்’ என்று பொருள். அது வினையன்று, ‘ஆன் அக்கவுண்ட் ஆஃப் தி ரெயின்’ என்பது போலப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும். ‘ஆன் நோ அக்கவுண்ட்’ என்றால் எக்காரணம் கொண்டும் கூடாது. வாக்கியத்தின் தொடக்கத்தில் அது வந்தால் துணைவினை எழுவாய்க்கு முன்னால் போய்விடும்: ‘ஆன் நோ அக்கவுண்ட் ஷுட் திஸ் டோர் பி ஓப்பன்ட்.’ ‘அக்கவுண்டபிள் ஃபார்’ என்பது பொறுப்புக்கூற வேண்டிய நிலை. ஒரு தவறுக்கு மழை ‘அக்கவுண்ட் ஃபார்’ செய்ய முடியும். மழையை ‘அக்கவுண்டபிள்’ ஆக்க முடியாது.

பழகும் முறை

படிக்கும்போது இந்த வினையைக் கண்டால், அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இஸ் தி ரீசன் ஃபார்’, ‘மேக்ஸ் அப்’, ‘அலவ்ஸ் ஃபார்’ ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பது எளிய சோதனை. பெரும்பாலான வாக்கியங்களில் ஒன்றுதான் பொருந்தும். மற்ற இரண்டும் வைத்த உடனேயே இடறும். இரண்டு பொருந்துவது போல் தோன்றினால், முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைப் படித்து முடிவு செய்ய வேண்டும். ஆட்களைப் பற்றிய செயப்பாட்டு வாக்கியத்துக்கு மட்டும் இந்தச் சோதனை தேவையில்லை, அதன் அமைப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

எழுதும்போது செய்ய வேண்டியது இதன் மறுதலை: எந்தப் பொருள் வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, எழுவாயை அதற்கேற்ப வைக்க வேண்டும். அவ்வளவு செய்தும் ஓர் ஆபத்து எஞ்சும். ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று பொருள்களில் இதே வினையைப் போட்டால், ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாக இருந்தாலும் படிப்பவர் தடுமாறுவார். ‘ஈவன் ஆஃப்டர் அக்கவுண்டிங் ஃபார் இன்ஃப்ளேஷன், ஃப்யூயல் அக்கவுண்ட்ஸ் ஃபார் மோர் ஆஃப் தி காஸ்ட் தன் பிஃபோர், அண்ட் நோ ஒன் ஹேஸ் அக்கவுண்டட் ஃபார் தி சேஞ்ச்’ என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. முதலாவது கணக்கில் கொள்ளுதல், இரண்டாவது பங்கு, மூன்றாவது காரணம் சொல்லுதல். இதைத் திருத்துபவர் முதலாவதை ‘அட்ஜஸ்டிங் ஃபார்’ என்றும் இரண்டாவதை ‘மேக்ஸ் அப்’ என்றும் மாற்றிவிட்டு, மூன்றாவதை அப்படியே விட்டுவிடலாம்; காரணம் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை என்ற குத்தல் அந்த இடத்தில் ‘எக்ஸ்ப்ளெயின்ட்’ என்ற சொல்லால் அவ்வளவு கூர்மையாக வராது.